சிவப்புக் கோடு இருக்க வேண்டிய இடம்

ஆகஸ்டில் இந்தக் குன்றைப் பார்த்தால்
இங்கே மனிதர்கள் பறப்பார்கள் என்று யாரும் நம்பமாட்டார்கள்.
முழங்கால் உயரப் புல். நான்கு செம்மறிகள்.
பனிச்சறுக்குத் தாவுமேடைக்குக் கீழே
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை.

ஸ்லோவேனிய மலைமடிப்பில் ராவ்னிக் என்ற ஊர்.
அதன் சபை எனக்கு இரண்டு நாள் கூலி தருகிறது.
வேலை ஒரே வரி:
குன்று எங்கே வளைவு மாறுகிறதோ
அங்கே சிவப்புக் கோடு போடு.

லுட்விக் அளவுகோலைப் பிடித்து நிற்கிறான்,
சட்டைப்பை நிறையப் பிளம் பழம்.
இரண்டு மீட்டர் தள்ளிப்போ என்றால்
ஒன்றைத் தின்று, கொட்டையைத் துப்பிவிட்டுத்தான் நகர்வான்.
நான் உயரங்களை எழுதிக்கொள்கிறேன்.

உயரங்கள் ஒன்றும் சொல்வதில்லை.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரிவு.
சரிவுக்கும் ஒரே பல்லவிதான்:
மைனஸ் நூற்று முப்பத்தொன்று, முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு,
மறுபடி முப்பத்து நான்கு, முப்பத்து மூன்று, முப்பத்தொன்று.
எல்லாம் இறக்கம். ஆட்டுக்கும் தெரியும் அது.

கழித்து வந்ததை இன்னொரு முறை கழிக்க வேண்டும்.
அப்போதுதான் குன்று வாய் திறக்கும்:
மைனஸ் இரண்டு. மைனஸ் ஒன்று. பூச்சியம்.
ஒன்று. இரண்டு.

மைனஸ் இருக்கும்வரை அது கவிழ்த்த கிண்ணம்.
போகப்போகச் செங்குத்தாகி
பறப்பவனின் காலடியிலிருந்து தன்னை உருவிக்கொள்ளும்.
இறக்கை முளைத்ததாக நினைத்துக்கொள்வான்;
இரண்டாம் வகைக்கெழு அது.
ப்ளஸ் ஆனதும் நிமிர்த்திய கிண்ணம்.
இன்னும் இறக்கம்தான், ஆனால் இறங்க மனமில்லாத இறக்கம்.
அங்கே வந்து விழுபவனை
நிலம் எழுந்துவந்து முட்டும்.

மேலே, புடைப்பில், வேறொரு பூச்சியம் கிடைத்தது.
"முடிந்தது, பியர் குடிக்கலாம்" என்றான் லுட்விக்.
இல்லை. அதற்கு இரு பக்கமும் மைனஸ்.
மண் சரிந்த வருடம் சபை ஜல்லி கொட்டி
மட்டம் தட்டிய துண்டு.
பூச்சியம் மட்டும் போதாது லுட்விக்,
தாண்டிய பிறகு குறி மாற வேண்டும்.
பூச்சியத்தைத் தொட்டுவிட்டுப் பழைய பக்கமே போனவர்கள்
இந்த ஊரிலேயே எத்தனை பேர்...
தன் அண்ணனை நினைத்திருக்க வேண்டும்.
பழம் தின்பதை நிறுத்திவிட்டான்.

உண்மையான இடம், பழைய கோட்டுக்கு
ஏழு மீட்டர் மேலே இருந்தது.

மூன்று முறை அளந்தேன்.

கழகச் செயலாளர் ஓஷ்பால்ட் மூச்சு வாங்க ஏறி வந்தார்.
"நாற்பது வருடக் கோடு. எல்லாப் புள்ளிகளும்
எல்லாக் கோப்பைகளும் அதை வைத்துத்தான்.
உன் பென்சிலுக்காக நகர்த்துவதா?"
பென்சில் எதையும் நகர்த்தவில்லை என்றேன்.
உறைபனி நகர்த்தியிருக்கும்.
இல்லையென்றால் முதல் நாளே
கண்ணால் பார்த்துப் போட்டிருப்பார்கள்.
பழைய அளவுத்தாள் யாரிடமும் இல்லை.

பதினேழு வயதில் நான் கடைசியாகத் தாவியது
கோட்டுக்கு இரண்டு மீட்டர் முன்னால்.
பெண்களுக்குப் போட்டி கிடையாது அன்று;
பையன்கள் வருமுன் பனித்தடம் சோதிக்க அனுப்பினார்கள்.
"பத்திரமான இடத்தில்தானே விழுந்தாய்,
பயந்து விறைத்திருப்பாய்" என்றார் பயிற்சியாளர்.
வலது முழங்காலில் மூன்று திருகாணி.
இருபத்தாறு வருடம் அந்த வாக்கியத்தோடு மாடி ஏறியிருக்கிறேன்.

ஏழில் இரண்டு போனால் ஐந்து.
ஐந்து மீட்டர், ப்ளஸ்ஸுக்குள்.

ஒரு முழங்காலை உடைக்க அது போதுமா? கணக்கு சொல்லாது.
அன்றும் குன்று இதே வடிவில்தான் கிடந்ததா?
அதையும் சொல்லாது.
ஓஷ்பால்ட் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் வேறு விடை இருப்பது போல.
பிறகு கோபமாகவே சாவியைத் தந்தார், பெயின்ட் அறைச் சாவி.

லுட்விக் ஓரப் பலகையில் பழையதைச் சுரண்டினான்.
சிவப்புத் தூள் புல்லில் உதிர்ந்தது;
ஓர் ஆடு மோந்துவிட்டு
வளைவைக் கவனிக்காமல் இறங்கிப்போனது.

புதியதை நான் போட்டேன்.
கால் மடங்காது; நின்றபடியே குனிந்து
ஒரே இழுப்பில்.
கோடு கொஞ்சம் கோணல்.